ஆறாவது பலகை

போன மாதம் வங்கியில் மேசைகளுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்கள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் மூக்கில் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசம் ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, சுகரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? இந்த வாசம் ஒரு சவப்பெட்டியின் வாசம், அதை நானும் என் கணவரும் சேர்ந்து செய்தோம், அதில் ஒரு பிணமும் போகவில்லை என்று சொல்லவா?

எங்கள் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ ஊர்களில் ஆளுக்கொரு சவப்பெட்டி கிடையாது. ஊருக்கு ஒரு பெட்டி. தூம்பா என்பார்கள். யார் செத்தாலும் அதில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பூசை முடித்து, கல்லறைத் தோட்டம் வரை தோளில் சுமப்பார்கள். உடம்பு மட்டும் குழிக்குள் இறங்கும். பெட்டி காலியாக ஊர் திரும்பும். அடுத்த ஆளுக்காக.

'யார் செத்தாலும்' என்று எழுதிவிட்டேன். அது பொய். நான் பிறந்த ஊரில் அப்படி இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், பஸ்ஸில் ஒரு மணி நேரம். நடுவில் கோயில். கோயில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நூல் பிடித்த மாதிரி ஒரு ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் மேலத்தெருக்காரர்களின் வீடுகள். பெட்டி அவர்களுடையது, ரோடும் அவர்களுடையது. குளத்துக்குப் பின்னால் கீழத்தெரு, நாங்கள். எங்களுக்கு மூங்கில் பாடை. எங்கள் பிணம் கோயிலுக்குப் பின்பக்கமாகச் சுற்றி, வாய்க்கால் வரப்பு வழியாக, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் புறம் போகும். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று. நற்கருணை அப்பம் ஒன்று. சுவர் மட்டும் இரண்டு பக்கம்.

என் அப்பாவும் வரப்பு வழியாகத்தான் போனார். ஐப்பசி மழை. முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து அப்பா பாதி உடம்பு சேற்றில் இறங்கிவிட்டார். பெண்கள் அவ்வளவு தூரம் போகக் கூடாது என்பார்கள், அம்மா போயிருந்தாள். முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்துத் திரும்பக் கிடத்தினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. கேட்காமலேயே சொல்வாள்.

"எனக்குச் சேலை வேணாம், சோறு வேணாம். போறன்னைக்குச் சறுக்காம போவணும். அம்புட்டுதேன்."

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் திண்டுக்கல் டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். முன்பக்கம் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. என் கணவர் தச்சர், டவுன்காரர். கோயில் சாமான்கள்தான் அவருக்குப் பிழைப்பு: மெழுகுவத்தித் தண்டு, பாவம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி, புனிதர் சுரூபங்களுக்குக் கண்ணாடிக் கூண்டு. நான் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். சனிக்கிழமைகளில் அவர் செய்ததற்கு நான் வண்ணம் பூசுவேன். அவர் இழைக்கிற சீவல் என் தட்டில் விழும், என் நீலம் அவர் வேட்டியில் ஒட்டும். அதுதான் எங்கள் குடித்தனம்.

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பங்குச்சாமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். புதிதாக வந்த பாதிரியார், இளையவர். ஊரின் பழைய பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. புதுசு செய்ய வேண்டும், ஆனால் இந்தத் தடவை ஒரே ஊர், ஒரே பெட்டி, எந்தத் தெருச் சாவானாலும் இதுதான், அந்த ரோடுதான் என்றார். மேலத்தெருவில் ஒத்துக்கொண்டார்களா என்று என் கணவர் கேட்டார். டவுனில் செய்கிற பெட்டிக்குத் தெரு ஏது என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறாராம். படம் வரையப் போகிறவள் யார் மகள் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அம்மாவிடம் சொல்லப் போனேன். அவள் நத்தம் வியாபாரிகளுக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கட்டையைக் கீழே வைத்தாள். பெட்டி எப்படி இருக்கும், என்ன மரம், யார் தூக்குவார்கள் என்று எதுவும் கேட்கவில்லை.

"ரோட்டு வழியாவா?"

"ரோட்டு வழியாத்தாம்மா."

திரும்பக் கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு மூன்று தட்டு கொட்டை மேல் விழாமல் தரையில் விழுந்தது.

மலைவேம்பில் செய்தோம். தோளுக்குக் கனக்காது. நாலு பேர் தூக்க நாலு முனையில் பிடி. பிடிக்குக் கீழே கழுத்தை உறுத்தாமல் இருக்க அவர் ஒரு பள்ளம் எடுத்தார். அந்தப் பள்ளத்துக்காக நான்கு நாள் தன் தோளில் வெற்றுக் கட்டையைச் சுமந்து கொட்டகைக்குள் நடந்தார். பக்கத்துக்கு ஏழு பலகை, ஆண்டவர் சிலுவை சுமந்துபோன பாதையின் பதினாலு நிலையும் படமாக. அதை எப்படி வைப்பது என்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பெட்டியின் கால் பக்கம் முன்னால் போகும், திரும்பி வரும்போதும் அதுவே முன்னால் வரும். ரோட்டோரம் வாசலில் நிற்கிறவள் போகும்போது ஒரு பக்கத்து ஏழைப் பார்ப்பாள். பெட்டி காலியாக வரும்போதுதான் அடுத்த ஏழு அவளுக்குத் தெரியும். "கதை பாதியில போகும், மீதிக் கதை வெறுங்கையோட வரும்" என்றார். சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டார். இந்த மனிதரிடம் நான் கவிதை கற்றேனா, அல்லது கவிதை என்று ஒன்று தேவையில்லை என்று கற்றேனா, இன்றைக்கும் தெரியவில்லை.

ஆறாவது பலகை, ஆண்டவர் முகத்தைத் துடைத்த பெண். கையில் துணி, எதிரே ரத்தமும் மண்ணும் அப்பிய முகம். அந்தப் பெண்ணுக்கு யார் முகம் வரும்? நான் தேடவே இல்லை. தூரிகை எடுத்ததும் அம்மா வந்துவிட்டாள். ஒடுங்கிய கன்னம், ஒரு பக்கம் ஏறின புருவம், வெயிலில் கறுத்த நெற்றி. காதில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். அம்மாவின் காது வடித்து வெறுமனே தொங்கும். தோள் தொடத் தொங்கிய பொன் தண்டட்டியை என் டீச்சர் டிரெயினிங் படிப்புக்கு விற்றிருந்தாள். பலகையில் அதைத் திருப்பிக் கொடுத்தேன். மஞ்சளில் கொஞ்சம் வெள்ளை, ஓரத்தில் ஒரு மினுக்கு. என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அந்த முகத்தைத்தான் அங்கே வைத்திருக்கவே கூடாது.

கடைசியில் அரக்குப் பூச்சு. மூன்று கை. வீடெல்லாம் அந்த வாசம். சோற்றில், தலையணையில், என் பள்ளிக்கூடத்துச் சேலையில்.

தூம்பா செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினதும் செய்தவன்தான் முதலில் அதில் படுக்க வேண்டும். கண்ணை மூடி, பிணம்போல். சாவை ஒருமுறை ஏமாற்றிவிட்டால் பெட்டி தானாக ஆள் தேடாது என்பது கணக்கு. படுத்தவன் தானாக எழக்கூடாது. அவன் வீட்டார் தூக்கவும் கூடாது. பெட்டி வாங்குகிற ஊர்க்காரர் ஒருவர் கை கொடுத்து எழுப்ப வேண்டும். எந்தக் கை எழுப்புகிறதோ, பெட்டி அந்தக் கையின் ஆட்களுக்கு. விலை பேசுவது, ரசீது எழுதுவது எல்லாம் அப்புறம். கைதான் பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசல் வேப்ப மரத்தடியில் இரண்டு பெஞ்சு போட்டுப் பெட்டியை வைத்தோம். மேலத்தெரு மொத்தமும் சுற்றி நின்றது. கீழத்தெரு, வழக்கம்போல, தள்ளி அடிபம்பு ஓரத்தில். அங்கே அம்மா. புதுச் சேலை கட்டியிருந்தாள். கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் வந்து நின்றதில்லை.

சாமி தண்ணீர் தெளித்தார். எல்லோருக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க முடியாது. ஒரு நெட்டைக்காரரைப் பார்த்து, "ஏலே, உனக்கு நீளம் பத்துமாலே, இல்ல கால மடக்கணுமா?" என்று யாரோ கேட்க, நெட்டைக்காரர், "நீ முன்னால போயி அளவு பாத்துச் சொல்லு அப்பு" என்றார். சிரிப்பு. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். கண்ணை மூடினார். வலது கையை மட்டும் பெட்டிக்கு வெளியே நீட்டினார்.

மேலத்தெருப் பெரியவர் வந்தார். துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கி, கை நீட்டப் போனார். நீட்டுவதற்கு முன் ஒரு சுற்று படத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார் போல. முதல் பலகை, இரண்டாவது, மூன்றாவது. நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆறாவதில் நின்றார். குனிந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது யாரு?"

ஆண்டவர் மூஞ்சியத் துடைத்த பொம்பளை என்று கோயில் உபதேசியார் எடுத்துக் கொடுத்தார்.

"அது எனக்குத் தெரியாதா. இது யாருன்னு கேட்டேன்."

கூட்டத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம புளி தட்டுறவ."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடையாளம் தெரிந்த மகிழ்ச்சியில் சொன்னார். அப்புறம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். யார் வரைந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே என் முகத்தில் அந்தப் பலகையைப் படித்துவிட்டார்கள்.

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கும் சாமிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி.

"நாளைக்கு என் உசுரு போயி நான் இதுல படுத்தா, இவ மூஞ்சிக்குப் பக்கத்துலயா படுக்கணும்? இவளத் தோளுல வச்சு என் வீட்டு வாசல் வழியாவா?"

கையை இழுத்துக்கொண்டார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். சாமி பதறி, நான் கொடுக்கிறேன் என்று முன்னால் வந்தார்.

"நீங்க இன்னைக்கு இருப்பீக சாமி, நாளைக்கு மாறிப் போவீக. ஊருல்ல கை குடுக்கணும்."

ஊர் நின்றது. பெட்டிக்குள் என் கணவர் கண்ணை மூடியபடி கிடந்தார். பேசினது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வேப்பநிழல் நகர்ந்து அவர் நெற்றியில் வெயில் ஏறியது. உதட்டில் ஈ உட்கார்ந்தது. நீட்டிய கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து பெட்டி விளிம்பில் சாய்ந்தது. நான் தொட முடியாது, செய்தவன் வீட்டுக்காரி. எழுந்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வழக்கமாவது மண்ணாவது என்று கத்தியிருக்கலாம். நின்றேன். இப்போதும் பல காலை விழிப்புகளில் நான் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அடிபம்புப் பக்கமிருந்து அம்மா வந்தாள். அவ்வளவு தூரத்துக்கு இங்கே பேசினது கேட்டிருக்காது என்றுதான் நான் நினைத்தேன். மருமகன் வெயிலில் கிடக்கிறார், யாரும் தூக்கவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் கூட்டம் விலகியது. தொடாமல் இருக்க விலகியதா, வழிவிட்டதா? பெட்டியின் இந்தப் பக்கத்தில், முதல் ஏழு பலகைகளை ஒட்டி நின்றாள். கையைச் சேலையில் துடைத்து நீட்டினாள்.

"எந்திரிங்க மாப்ள. வெயிலு ஏறிருச்சு."

அவர் அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். சிரித்துக்கொண்டே கண் திறந்தார். யார் கை என்று பார்த்ததும் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"சரி. மாமியார்னாலும் ஊர்க்காரிதேன். கை குடுத்தாச்சு" என்றார் பெரியவர். "பெட்டி அவுகளுது. அவுக பாதையில கொண்டு போகட்டும்."

வழக்கப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. பெட்டி எங்களுக்கு வந்துவிட்டது, ரோடு வரவில்லை. வாய்க்கால் வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. இந்தப் பெட்டிக்கு நாலு தோள் வேண்டும், பக்கத்துக்குப் பக்கம். ரோட்டுக்கென்று அளந்து செய்த அகலம். அன்றைக்கே கோயிலின் பக்கவாட்டு அறையில் ஏற்றி வைத்தார்கள். மறு வருஷம் சாமி மாற்றலாகிப் போனார். மேலத்தெரு வேறெங்கோ ஒரு பெட்டி வாங்கியது. மொட்டைப் பெட்டி, படம் கிடையாது.

அதன் பிறகு அம்மா தன் வலது கையோடு பேச ஆரம்பித்தாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். புளி தட்டுகிற நடுவில் நிறுத்தி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இந்தக் கைதேன் கெடுத்துச்சு. செத்த நேரம் பேசாம நின்டிருந்தா அவுகளே குடுத்திருப்பாக" என்பாள். ரோடு கிடைத்திருக்கும், மழையானாலும் சறுக்காது என்பாள். நான் அவள் வைத்த வெஞ்சனத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இல்லை அம்மா, உன் கை வருமுன்பே என் கை கெடுத்துவிட்டது என்று சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஏழு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றில்கூடச் சொல்லவில்லை. அவள் தன்மேல் போட்டுக்கொண்ட பழி எனக்கு வசதியாக இருந்தது. எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் போல.

அவரும் கோயில் வேலையை விட்டுவிட்டார். கதவு, நிலை, டிவி ஸ்டாண்ட் என்று நிறைய வேலை வந்தது, குறை ஒன்றும் இல்லை. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்மேல் குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா இறந்ததும் ஐப்பசியில்தான். அதே மழை. பெட்டியையும் ரோட்டையும் கேட்டு அப்போதிருந்த பங்குச்சாமியிடம் போய் நின்றேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சாவி கோயில் கமிட்டியிடம் இருக்கிறது, கமிட்டி கூட வேண்டும், இந்த மழையில் யாரைக் கூட்டுவது, தவிர ரோட்டில் ஏதாவது தகராறு வந்தால் செத்தவருக்கல்லவா அவமரியாதை என்றார். கீழத்தெருவிலேயே பலருக்கு வேண்டாம் என்று இருந்தது. "சாவு வீட்டுல போலீசு வரணுமா தாயி" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த நாள் அந்த ஊரில் கூலிக்குப் போக வேண்டியவர்கள்.

என் கணவர் பக்கவாட்டு அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மூடி திறந்து கிடக்கிறதாம். உள்ளே கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோலும் களிமண் ஆடுகளும். ஆறாவது பலகை சுவர்ப் பக்கம் இருக்கிறதாம், தெரியவில்லையாம்.

மூங்கில் பாடையில்தான் போனாள். வரப்பு வழியாக. என் கணவர் பாடைக்குப் பக்கத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில், பாடையின் அடியில் கை கொடுத்துக்கொண்டே நடந்தார். கடைசி வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அப்படியும் ஓரிடத்தில் சறுக்கியது. அப்பாவுக்குச் சறுக்கிய இடம்தானா என்று பின்னால் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். முகத்தில் சேறு பட்டதா என்று அவரிடம் இன்று வரை கேட்கவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். காய்ச்சல் விட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். புளிய மரத்தடியில் நின்றோம். மழை வருமா, பள்ளிக்கூடத்தில் பரீட்சை எப்போது என்று ஏதோ பேச்சு. நத்தத்திலிருந்து வருகிற பஸ் வளைவில் தெரிந்தது. வாரேம்மா என்று பையை எடுத்தேன். அம்மா தன் வெறும் காதைத் தடவிக்கொண்டே, பஸ்ஸைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஏ புள்ள, அந்தப் பொம்பள காதுல எதுக்குத் தண்டட்டி வரஞ்ச? நாந்தேன் அத வித்துட்டேன்ல."

பையைத் திரும்பக் கீழே வைத்தேன். எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"மாப்ளைக்குக் கை குடுக்கையிலயே பாத்துட்டேன். ஏறு தாயி, பஸ்ஸு நிக்காது."